தொடர்மாடி வாழ்வும் வாடகைக் குடியிருப்பின் பரிபாலனமும்

வேலியும் படலையும், முற்றமும் கிணறும், பின்வளவிற் பனையும் பலாவும் அமைந்ததே வீடு என்னும் எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். வேலிக்கு உட்பட்டது எமது பொறுப்பு. அதற்கு அப்பாற்பட்டது அயலவர் பொறுப்பு. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோரும் நாமே. கிணறு தூர்ந்தால் இறைத்துத் துப்புரவு செய்வோரும் நாமே. இவ்வாறு வளர்ந்த எம்மவருட் பெருந்தொகையினர் இன்று வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெகிவளையிலும், கடல் கடந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தொடர்மாடிகளில் வாழ்கின்றனர். அங்கே ஒருவர் வீட்டின் தளம் மற்றொருவர் வீட்டின் கூரை. ஒருவர் குளியலறையிற் கசியும் நீர் மற்றொருவர் அடுக்களையிற் சொட்டுகின்றது. வேலி இல்லை, ஆகவே பொறுப்பின் எல்லையும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எமக்குக் கணிதம் போதித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர் ஓய்வு பெற்ற பின்னர் கொழும்பில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வாழ்ந்து வந்தார். வெளிநாட்டில் வாழும் ஒருவருக்குச் சொந்தமான அவ்வீட்டிற்கு மாதந் தவறாது வாடகை செலுத்துபவர் அவர். நாம் சிலர் ஒருமுறை அவரைக் காணச் சென்றபோது மின்தூக்கி பழுதடைந்து நின்றது. மூச்சிரைக்கப் படியேறிச் சென்ற எம்மை அவர் நகைமுகத்தோடு வரவேற்றார். இரண்டு மாதமாகக் கீழே இறங்கவில்லை என்றும், கோயிலுக்கும் செல்லவில்லை என்றும் கூறினார். “தம்பிமாரே, வீட்டுக்கு வாடகை கொடுக்கிறேன், வீட்டுக்காரரையும் தெரியும். இந்தப் படிக்கட்டு யாருடையது என்றுதான் இன்னும் தெரியவில்லை” என்றார்.

பகிடியாகச் சொல்லப்பட்ட அவ்வினாவே தொடர்மாடி வாழ்வின் தலையாய வினாவாகும். மாடிகளைக் கட்டுதல் ஒருமுறை செய்யும் வேலை. அவற்றைப் பரிபாலித்தல் நாள்தோறும் செய்யும் வேலை. முன்னதற்குப் பணமும் பொறியியலறிவும் போதும். பின்னதற்கோ கணக்கும், கண்டிப்பும், அயலவர்மீது கரிசனையும் ஒருங்கே வேண்டும். வாடகைக் குடியிருப்புக்கள் சீரழிவதும் செழிப்பதும் இந்த இரண்டாவது வேலையைப் பொறுத்தனவே என்பதனைச் சில வரலாற்றுச் சான்றுகள் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய உரோமாபுரி

மாடிமேல் மாடியாக மக்களைக் குடியிருத்தும் வழக்கம் இக்காலத்தது அன்று. பண்டைய உரோமாபுரியின் பொதுமக்களிற் பெரும்பாலோர் ‘இன்சுலா’ எனப்பட்ட வாடகை மாடங்களிலேயே வாழ்ந்தனர். நிலத்தளத்திற் கடைகள், அவற்றின் மேல் வசதியுள்ளோர், உச்சியில் ஏழைகள். மேன்மாடிகளுக்குக் குழாய் நீர் ஏறவில்லை, அடிக்கடி தீப்பிடித்தது, கட்டடங்கள் இடிந்தும் விழுந்தன. இவ்விடர்களை அஞ்சிய அகஸ்தஸ் பேரரசன் வீதியோரக் கட்டடங்களின் உயரம் 70 உரோம அடிக்கு மேற்படலாகாது என விதித்தான்.

அங்கே சொந்தக்காரர்கள் பலர் குடியிருப்போர் முகத்தைக் கண்டதேயில்லை. கட்டடம் முழுவதையும் ஓர் இடைத்தரகரிடம் குத்தகைக்கு விட, அவர் அறை அறையாக மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவார். சொந்தக்காரருக்கு வருமானம் உறுதி. தரகருக்கு இலாபம் உறுதி. பழுது பார்ப்பது மட்டும் எவர் கடமையும் அன்று. பெருஞ்செல்வன் கிராசஸ், தீப்பற்றிய வீடுகளையும் அவற்றின் அயல் வீடுகளையும் குறைந்த விலைக்கு வாங்கிக் குவித்தான் என்று புளூராக் எழுதிய சரித்திரம் கூறுகின்றது. வீட்டை வருமானமாக மட்டும் காணும் மனம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று.

இலண்டனில் ஒரு பெண்மணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொழிற்பெருக்கத்தால் மக்கள் வந்து குவிந்த இலண்டன் மாநகரில் உரோமாபுரியின் கதை மீண்டும் நிகழ்ந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம், மூடப்படாத கழிவுநீர், இடையிலே தரகர்கள். இந்நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஒக்ரேவியா ஹில் அம்மையார். 1838இற் பிறந்த இவர், சுகாதாரச் சீர்திருத்தத்தில் முன்னின்ற வைத்தியர் சவுத்வுட் சிமித் என்பாரின் பேர்த்தி. இவருக்குப் பொருளுதவி செய்தவர் யோன் றஸ்கின். காந்தியடிகளின் வாழ்க்கையை 1904இல் திசை திருப்பிய நூலை எழுதியவரும் இதே றஸ்கினே ஆவர்.

தந்தை விட்டுச் சென்ற செல்வத்திலிருந்து றஸ்கின் 1865இல் மரிலபோன் பகுதியிலே மூன்று வீடுகளை 56 ஆண்டுக் குத்தகையாக 750 பவுணுக்கு வாங்கி அம்மையாரின் பொறுப்பில் ஒப்படைத்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்று: முதலுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் வருமானம் கிடைத்தல் வேண்டும். அதாவது 37 பவுண் 10 சிலிங். ஏழைகளின் வீட்டில் இலாபம் தேடுவதா என்று சிலர் வியக்கலாம். றஸ்கினின் நோக்கம் வேறு. தருமமாக நடத்தினால் ஒருவரே செய்வார். தக்க வருமானம் தருமெனக் காட்டினால் அதனைப் பலரும் பின்பற்றுவர் என்று அவர் கருதினார்.

அம்மையார் கையாண்ட முறைகள் இன்றும் நாம் ஊன்றிக் கற்கத்தக்கவை.

முதலாவது, இடைத்தரகரை நீக்கினார். வாரந்தோறும் தாமே படியேறிக் கதவைத் தட்டி வாடகை பெற்றார். பின்னர், தாம் பயிற்றிய பெண்களை அப்பணிக்கு அனுப்பினார். வாடகை வாங்கச் செல்பவருக்குக் கதவு திறக்கும். கதவு திறந்தால் ஒழுகும் சுவரும் உடைந்த படியும் கண்ணிற்படும். நோயுற்ற பிள்ளையைப் பற்றியும் வேலையிழந்த தகப்பனைப் பற்றியும் செய்தி செவிக்கெட்டும். ஆகவே வாடகை சேகரித்தல் அவருக்குப் பணம் பெறும் செயல் மட்டுமன்று. கட்டடத்தையும் மக்களையும் ஒருங்கே அறியும் செயலுமாம்.

இரண்டாவது, நிலுவை வைக்க இடங்கொடுத்தாரல்லர். குறித்த நாளில் வாடகை செலுத்தாதார் வெளியேற வேண்டும் என்பது அவர் விதி. அதே கண்டிப்பைத் தமக்கும் விதித்துக்கொண்டார். செய்வதாகச் சொன்ன பழுதைச் செய்து முடிப்பது தம் கடன் என்று கருதினார். கடமையை ஒருபுறத்தார் மட்டும் செய்தால் உறவு நிலைக்காது என்பது அவர் துணிபு.

மூன்றாவது, பழுது பார்க்கும் நிதி. ஒவ்வொரு வீட்டிற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தார். உடைந்தவற்றைத் திருத்திய பின் அத்தொகையில் மிஞ்சுவதை எந்த வசதிக்குச் செலவிடலாம் என்பதைக் குடியிருப்போரே தெரிவு செய்தனர். இதன் பயன் யாதெனின், முன்னர்ப் படிக்கட்டின் கைபிடியைப் பெயர்த்து விறகாக எரித்தவர்கள் வாழ்ந்த இடங்களிலே, கண்ணாடி உடையாமற் காப்பது எல்லோருக்கும் இலாபம் என்னும் உணர்வு தோன்றியது. உடைத்தால் எமது நிதி குறையும்; காத்தால் எமக்கு ஒரு புதிய வசதி கிடைக்கும். எவ்வளவு எளிய கணக்கு!

நான்காவது, வேலைகளின் ஒழுங்கு. முதலிற் கழிவுநீர் வழியையும் குடிநீரையும் சீர்படுத்தினார். அழகு செய்வதைப் பின்னுக்கு வைத்து, குடியிருப்போர் பேணும் பழக்கம் வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வேலை குறைந்த காலங்களிற் சுவர் வெள்ளையடித்தல், தச்சு வேலை முதலியவற்றைக் குடியிருந்த ஆண்களுக்கே கொடுத்துக் கூலி வழங்கினார். படிகளைக் கழுவும் பணியை வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஓரறையில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு இரண்டாவது அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்து நெருக்கத்தைத் தணித்தார்.

றஸ்கின் எதிர்பார்த்த வருமானமும் கிடைத்தது. 1874ஆம் ஆண்டளவில் 15 இடங்களில் ஏறத்தாழ 3,000 பேர் அவருடைய பரிபாலனத்தின் கீழ் வாழ்ந்தனர். 1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதனங்களை மேற்பார்வை செய்த ஆணையாளர்கள் சதக் பகுதியிலிருந்த தம் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தனர். 1912இல் அம்மையார் மறைந்தார். அவர் வழியிற் பயின்ற பெண்கள் 1916இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வீட்டுப் பரிபாலனம் பயின்று பெறவேண்டிய ஒரு தொழில் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

அம்மையாரின் முறையில் குறைகளும் இருந்தன. அவருடைய மேற்பார்வை சிலருக்குத் தாயின் கண்டிப்பாகவும், வேறு சிலருக்கு எசமானியின் அதிகாரமாகவும் தோன்றியது. நகரசபைகள் வீடு கட்டுவதை அவர் எதிர்த்தார். கிழமை தவறாது வாடகை கொடுக்க இயலாத பரம ஏழைக்கு அவர் வீடுகளில் இடம் அரிது. பிற்காலத்தில் பியற்றிஸ் வெப் எனப் புகழ்பெற்ற அம்மையார் 1885இல் இலண்டனிற் கிழக்குப் பகுதியில் இவ்வாறே வாடகை சேகரித்தவர். இம்முறை ஒன்றினாலேயே வறுமை தீரும் என்னும் நம்பிக்கை அவருக்கு நிலைக்கவில்லை. நல்ல பரிபாலனம் வருமானமில்லாதவனுக்கு வருமானம் தராது என்பது உண்மையே.

இரு நகரங்கள்

அரசோ நகரசபையோ பெருந்தொகையாக வீடு கட்டினால் இக்குறை தீருமோ? இருபதாம் நூற்றாண்டின் இரு நகரங்கள் இதற்கு வேறு வேறு விடை தருகின்றன.

அவுஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் 1923இல் வீடமைப்புக்கென ஒரு தனி வரி விதிக்கப்பட்டது. பெரிய மாளிகைகளுக்கு மிகுதியாகவும் சிறு வீடுகளுக்குச் சொற்பமாகவும் அவ்வரி அமைந்தது. அதனைக் கொண்டு 1934ஆம் ஆண்டுவரையில் 60,000இற்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 1930இல் திறந்து வைக்கப்பட்ட ‘கார்ல் மார்க்ஸ் ஹொவ்’ என்னும் குடியிருப்பு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. அதில் 1,382 வீடுகளும், பொதுச் சலவைச்சாலைகளும், பாலர் பள்ளிகளும், நூலகமும் அமைந்தன. கட்டிய செலவு வரியினாலே தீர்ந்தமையால், வாடகை பராமரிப்புக்கும் அன்றாடச் செலவுக்குமே உரியதாயிற்று. அக்கட்டடம் இன்றும் குடியிருப்பாக விளங்குகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1954 தொடக்கம் மக்கள் குடியேறிய ‘புரூயிற்–ஐகோ’ என்னும் குடியிருப்பில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் எழுந்தன. வீடுகள் 2,870. தொடக்கத்தில் அதனைப் புகழாதார் இலர். அங்கும் கட்டும் செலவை அரசு ஏற்க, பராமரிப்பு வாடகையைச் சார்ந்திருந்தது. ஆயின் நகரத்தின் தொழில்களும் மக்களும் புறநகருக்குப் பெயர்ந்தமையால் வீடுகள் வெறுமையாயின. எஞ்சியோர் பெரும்பாலும் வறிய கறுப்பின மக்கள். வருமானம் குறையப் பழுதுகள் பெருகின. பழுதுகள் பெருக, இயன்றவர் மேலும் வெளியேறினர். இருந்தோர்க்கு வாடகை கூட்டப்பட்டது. 1969இல் அவர்கள் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். 1972இல் முதற் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1976ஆம் ஆண்டளவில் ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை.

இரு நகரங்களிலும் கணக்கின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: கட்டுவதற்குப் பொதுப்பணம், பேணுவதற்கு வாடகை. வேறுபாடு யாதெனின், வியன்னாவில் உழைத்து ஊதியம் பெறுவோர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அவர்களுக்குப் பின்னே நகரசபை உறுதியாக நின்றது. சென் லூயிசிலோ நிதி வற்றியபோது ஊற்றுவார் எவருமில்லை. கட்டட அமைப்பையும் மக்களின் ஒழுக்கத்தையும் பழித்தோர் பலர். வற்றிய பராமரிப்பு நிதியை நோக்கினோர் சிலரே.

எமது நாட்டில்

இனி எமது நாட்டிற்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரை மிகை வாடகையினின்றும் திடீரென வெளியேற்றப்படுவதினின்றும் காக்க எழுந்தது. அது பல குடும்பங்களுக்கு நிழல் தந்தது. எனினும், காலத்தோடு உயராத வாடகையைப் பெற்ற சொந்தக்காரர் பழுது பார்ப்பதைக் கைவிட்டமையும், வீட்டை வாடகைக்கு விடவே அஞ்சியமையும் நாம் கண்கூடாகக் கண்டவை.

அடுத்த ஆண்டில், தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி உறுதி எழுதி உடைமையாக்க அது வழி வகுத்தது. ஆசிரியப் பெருந்தகையின் வினாவுக்குச் சட்டத்தின் விடை இதுவே: படிக்கட்டும், கூரையும், மின்தூக்கியும், தண்ணீர்த் தாங்கியும், நிலமும் எல்லா வீட்டுச் சொந்தக்காரருக்கும் பொதுவானவை. அவற்றைப் பேணுவது சொந்தக்காரர் யாவரும் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. அதற்கு ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செலுத்தல் வேண்டும். இவற்றை மேற்பார்வை செய்யக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையும் உண்டு.

சட்டம் தெளிவானது, நடைமுறையிலேதான் இடைவெளி. வீட்டின் சொந்தக்காரர் கடல் கடந்து வாழ்கின்றார், கூட்டத்திற்கு வரார். வாடகைக்கு இருப்பவர் நாள்தோறும் படியில் ஏறி இறங்குகின்றார்; கூட்டத்தில் அவருக்கு வாக்கு இல்லை. பராமரிப்புப் பணத்தைக் குடியிருப்பவர் கொடுப்பார் என்று சொந்தக்காரர் எண்ண, அது வாடகையுள் அடங்கியது என்று குடியிருப்பவர் எண்ணுகின்றார். இருவரும் நல்லவரே, ஆயினும் பணம் வந்து சேர்வதில்லை.

இதன் விளைவைச் சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு கட்டடத்தில் 24 வீடுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் 6 வீட்டார் தம் பங்கைச் செலுத்தாவிடின் வருமானத்தில் நாலிலொரு பங்கு குறைகின்றது. ஆனால் மின்தூக்கியைப் பேணுஞ் செலவோ, காவலாளியின் சம்பளமோ நாலிலொரு பங்கு குறைவதில்லை. ஒன்றில் மற்றைய 18 வீட்டாரும் தத்தம் பங்கின் மூன்றிலொரு பங்கை மேலதிகமாகச் சுமக்க வேண்டும்; அல்லது ஏதேனுமொரு வேலையைக் கைவிட வேண்டும். கைவிட்டால் இன்னும் சிலர் ‘வேலை நடவாத இடத்திற்கு ஏன் பணம்?’ என்று நிறுத்துவர். சென் லூயிசின் கதை இவ்வாறுதான் தொடங்கியது.

ஆதலால் வாடகைக்கு விடுவோரும் இருப்போரும் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நலம். பராமரிப்புப் பணத்தைச் செலுத்துபவர் யார் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதுதல் வேண்டும். பிறநாட்டில் வாழும் சொந்தக்காரர், கூட்டத்தில் தம் சார்பாகப் பேச நம்பிக்கையான ஒருவரை எழுத்தில் நியமித்தல் வேண்டும். குடியிருக்கும் வாடகைக்காரரையே நியமித்தால் இன்னும் சிறப்பு. பழுதை அறிந்தவர் அவரே. பெற்ற பணத்துக்குப் பற்றுச்சீட்டும், செலவிட்ட பணத்துக்குக் கணக்கும் மாதந்தோறும் படிவாசலில் எல்லோரும் காண ஒட்டப்படல் வேண்டும். அன்றாடச் செலவுக்கு ஒன்றும், மின்தூக்கி, நீர்ப்பம்பி, கூரை ஆகியவற்றின் பெருஞ்செலவுக்கு ஒன்றுமாக நிதி இரண்டாகப் பிரிந்திருத்தல் வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, கதவைத் தட்டி முகம் பார்த்துப் பேசும் ஒருவர் ஒவ்வொரு கட்டடத்திற்கும் தேவை.

எமது ஆசிரியர் வாழ்ந்த கட்டடத்தின் மின்தூக்கி மீண்டும் இயங்கியதும் அவ்வாறே. இரண்டாம் மாடியில் வாடகைக்கிருந்த அம்மையார் ஒருவர் ஒரு கொப்பியுடன் வீடு வீடாகச் சென்றார். நிலுவை வைத்தோரிடம் காரணம் கேட்டார். சொந்தக்காரர்களின் முகவரிகளைத் திரட்டினார். ஒவ்வொருவருக்கும் கணக்கெழுதி அனுப்பினார். பலர் தமக்கு எவரும் அறிவிக்கவில்லை என்று எழுதி, உடனே பணம் அனுப்பினர். கணக்கைச் சரிபார்த்தவர் ஐந்தாம் மாடியிலிருந்த எமது ஆசிரியர். அம்மையார் கொண்டுவந்த கொப்பியிற் கூட்டற்பிழை ஒன்றைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையினாலே திருத்தினார் என்றும் அறிந்தோம்! ஒக்ரேவியா ஹில் என்னும் பெயரை அவ்வம்மையார் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அவர் செய்த வேலை அதுவே.

பொதுவுடைமையைப் பேணுதல் எமக்குப் புதிய பாடமும் அன்று. எமது கிராமங்களிற் பங்குக் கிணறுகள் உண்டு. இன்ன நாளில் இன்னார் இறைப்பர் என்னும் முறையும், தூர்வாரும் செலவைப் பங்குக்கேற்பப் பகிர்ந்து கொள்ளும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. முறை தவறியவிடத்துப் பங்காளிகள் நீதிமன்றப் படி ஏறியதும் உண்டு. முறை காத்தவிடத்துத் தோட்டங்கள் தலைமுறையாகப் பசுமையாய் நின்றதும் உண்டு. எமது கல்லூரி விடுதியிலே ஒரு கூரையின் கீழ்ப் பலர் வாழ்ந்த காலத்தில், விளக்கணைக்கும் நேரத்தையும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பும் முறையையும் நாம் கற்றோம். அன்று அதனைத் தண்டனையெனக் கருதினோம். இன்று அதன் பயனை உணர்கின்றோம்.

இந்த யூபிலி மலரைத் தொடர்மாடி ஒன்றில் அமர்ந்து வாசிக்கும் பழைய மாணவர்கள் பலராயிருப்பர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. வாசித்து முடித்ததும் கதவைத் திறந்து படிக்கட்டை ஒருமுறை நோக்குக. அது யாருடையது என்னும் வினாவுக்கு, ‘எம்முடையது’ என்று சொல்லத் துணிவீர்களாயின், உங்கள் வீடு நெடுங்காலம் நிலைக்கும்.